நெடில் தந்த பாடம்

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பல வருடங்கள் படிப்பித்தவன் நான். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர்களையும் ஒப்புவிப்பேன். "சேர், துத்தம் எப்படி ஒலிக்கும்?" என்று ஒரு மாணவன் கேட்டபோது வாயடைத்துப் போனேன். நாற்பது வயதுக்குப் பின் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தது அதனாலேதான்.

முதற்பாடம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. ஒரு கட்டைச் சுருதியில் ரியும் தவும் கறுப்புக் கட்டைகள், ஏனையவை வெள்ளை. விரல் விரைவில் பழகிற்று. கண்தான் பழகவில்லை. சுரத்தின் கீழே புள்ளி வந்தால் கீழ் ஸ்தாயி, மேலே வந்தால் மேல் ஸ்தாயி. மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டே பழகிய தமிழாசிரியனோ மேல் ஸ்தாயி ஸவை 'ஸ்' என்றே வாசித்தான்!

காலக் கணக்கிலும் இடறினேன். எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் ஓட்டினேன்.

"மாஸ்டர், ஸ குறில், ஸா நெடில். நீங்கள் படிப்பிக்கிற மாத்திரைதானே?" என்றார் சங்கீத ஆசிரியை.

குறிலுக்கு ஓர் அட்சரம், நெடிலுக்கு இரண்டு. காற்புள்ளி மேலும் ஓர் அட்சரம் நீட்டும், அரைப்புள்ளி இரண்டு. எழுத்ததிகாரம் படிப்பித்தவனுக்கு இதை இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது.

குரலை ஸ என்போரும் உளர், ம என்போரும் உளர். ஆகவே அந்த மாணவனை அழைத்து, துத்தத்துக்கு ரியையும் பவையும் வாசித்துக் காட்டினேன்.