உள்ளங்கைக்குள் வந்த முதல் இணையம்

பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இன்று கைபேசியில் பணம் அனுப்பிவிடுகிறோம். கைபேசி முதன்முதலில் இணையத்தைத் திறந்த விதத்தை அறிந்துகொண்டால், நமது பணத்தைக் காக்கும் இன்றைய ஏற்பாடுகளின் அருமை விளங்கும்.

1997-இல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, அன்வயர்டு பிளானட் ஆகிய நிறுவனங்கள் இணைந்து, கைபேசி இணையத்துக்கென 'வாப்' என்னும் பொது நெறிமுறையை உருவாக்க முற்பட்டன. அக்காலக் கைபேசிகளின் நினைவகம் சிறிது. திரையோ மிகச் சிறிது. 1999-இல் அறிமுகமான நோக்கியா 7110-இன் திரையில் அகலவாக்கில் 96 புள்ளிகளும் உயரவாக்கில் 65 புள்ளிகளுமே இருந்தன. கணினிக்கென எழுதப்பட்ட பக்கங்கள் அதில் அடங்கா. எனவே 'டபிள்யூ.எம்.எல்.' என்னும் எளிய கணினிமொழியில் தனிப் பக்கங்கள் எழுதப்பட்டன. சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுப்பதுபோல், செய்தி சிறுசிறு பகுதிகளாகத் திரைக்கு வந்தது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தொலைபேசி அழைப்பைப் போலவே நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறியது. பெற்ற தரவின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் முறைக்குப் பின்னர் வந்த ஜி.பி.ஆர்.எஸ். வழி திறந்தது.

கைபேசிக்கும் இணையத்துக்கும் நடுவே இடைக்கணினி ஒன்று இருந்தது. பக்கங்களைச் சுருக்கிக் கைபேசிக்கு அனுப்புவது அதன் பணி. வங்கிகளுக்குக் கவலை தந்ததும் இவ்விடமே. கைபேசியிலிருந்து இடைக்கணினி வரை ஒருவகை மறையாக்கம். அங்கிருந்து வங்கி வரை வேறொரு வகை. ஒன்றைப் பிரித்து மற்றொன்றாக மாற்றும் கணப்பொழுதில், வாடிக்கையாளரின் கடவுச்சொல் அந்தக் கணினியினுள் மறைப்பின்றி இருந்தது. வல்லுநர்கள் இதனை 'வாப் இடைவெளி' என்றனர். 2002-இல் வெளியான வாப் இரண்டாம் பதிப்பு, கைபேசியிலிருந்து வங்கி வரை ஒரே மறையாக்கம் தொடர வகைசெய்தது.

நம் நாட்டில் கைபேசி வங்கிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரில் வெளியிட்டது. தொடக்கம் முதல் இறுதிவரை மறையாக்கம் இல்லாத பரிவர்த்தனைகளுக்கு 2009 டிசம்பரில் அது அனுமதித்த உச்சவரம்பு 1,000 ரூபாய் மட்டுமே. பாதுகாப்பு குறைந்த வழியில் பெருந்தொகை செல்லலாகாது என்பதே அதன் நோக்கம்.

இன்றைய வங்கிச் செயலிகளில் அந்த இடைவெளி இல்லை. ஆயினும், நாம் அனுப்பும் எண்ணை வழியில் பிறர் படிக்காமல் மறையாக்கம் காக்குமேயன்றி, நாமே பிறரிடம் சொல்லிவிடும் எண்ணைக் காக்க இயலாது. ஆகவே, வங்கி அலுவலர் என்று கூறிக்கொண்டு எவர் கேட்பினும், இரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ தெரிவிக்க வேண்டா. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணில் வங்கியை நேரடியாகத் தொடர்புகொள்வோம்.