காணாமற்போன தாயும் சேயும்

குழந்தை பிறந்த வீட்டிற்குச் சென்றால் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? "யாரைக் கொண்டிருக்கிறது?" என்பதுதானே! நெற்றி தாத்தாவினுடையது என்பார் ஒருவர். நிறம் தாயினுடையது என்பார் மற்றொருவர். பாட்டிமார் மட்டும் எவரையும் கலந்துகொள்வதில்லை. என் தாயைப் பெற்ற பாட்டி தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "காது நம் வீட்டுக் காது" என்று தீர்ப்பு வழங்குவதைச் சிறு வயதில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நாட்டில் பாட்டிமாரின் அந்த உரிமைப் பேச்சை நீதிமன்றமே சாட்சியமாக ஏற்க நேர்ந்தது என்பதையும், அதன் பொருட்டு விஞ்ஞானத்தில் ஒரு புதிய கணக்கே தோன்றியது என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தென்னமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவில் 1976-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1983 டிசம்பர் வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. தம்மை எதிர்ப்பவர் என்று ஐயுற்றவர்களை அவர்கள் முறைப்படி கைது செய்து, வழக்குத் தொடுத்துச் சிறையில் அடைக்கவில்லை. இரவில் வீடு புகுந்தும் பகலில் தெருவில் மறித்தும் தூக்கிச் சென்றனர். சென்றவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் கேட்டால் ஏடு இல்லை; நீதிமன்றத்தில் கேட்டால் வழக்கு இல்லை; மருத்துவமனையில் கேட்டால் பிணமும் இல்லை. மக்களாட்சி திரும்பியபின் அமைந்த விசாரணைக் குழு 1984-இல் இவ்வாறு காணாமற்போனவர் ஏறத்தாழ 9,000 பேர் என்று பதிவு செய்தது. மனித உரிமை இயக்கங்களோ அத்தொகை 30,000 என்று கூறுகின்றன.

"காணாமற்போனவர்" என்ற சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழில் ஒருவர் "மறைந்தார்" என்றால் இறந்தார் என்று பொருள். இறந்தவருக்கு நாள் உண்டு. எள்ளும் நீரும் உண்டு. அழுது ஓய்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. காணாமற்போனவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இராணுவத் தலைவர் விதேலா 1979-இல் செய்தியாளர்களிடம் பேசியபோது, அத்தகையவர் இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர், காணாமற்போனவர், அவ்வளவே என்ற பொருள்படக் கூறினார். இலங்கைத் தமிழரிடையே "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்றொரு சொல் வழங்குகிறது. தம் மக்களைத் தேடி அலைந்த அன்னையரின் துயரம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. அதுவே சரியான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. போனவர் தாமாகப் போகவில்லை, போக்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அச்சொல் மறைக்காமல் கூறுகிறதல்லவா?

அவ்வாறு ஆக்கப்பட்டவர்களுள் ஓர் இளந்தாயும் அவளுடைய கைக்குழந்தையும் உண்டு. அத்தாயும் அவள் கணவரும் அர்ஜென்டினாவை விட்டு நீங்கி, அண்டை நாடாகிய உருகுவாயின் தலைநகர் மோன்தேவீதேயோவில் குடியிருந்தனர். 1978 மே மாதத்தில் ஒரு நாள், இரண்டு வயதும் நிரம்பாத தம் பெண் குழந்தையுடன் வெளியே சென்றபோது மூவரையும் ஆயுதந்தாங்கியவர்கள் பிடித்துச் சென்றனர். பின்னர் அவர்கள் அர்ஜென்டினாவின் இரகசியச் சிறைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அதற்கப்பால் தாய் தந்தையரைப் பற்றிய சுவடு அறுந்துவிட்டது.

குழந்தை என்ன ஆயிற்று? அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்தது. கைதான பெண்களுள் கருவுற்றிருந்தவர்களைப் பிள்ளை பிறக்கும் வரை உயிரோடு வைத்திருந்து, பிறந்தபின் தாயைக் கொன்று, சேயை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிடும் கொடுமை நடந்தது. கப்பற்படையின் தொழில்நுட்பப் பள்ளியிலும் இராணுவ மருத்துவமனையிலும் இத்தகைய பிரசவங்கள் நிகழ்ந்தன. இராணுவத்தினர் சிலர் அக்குழந்தைகளைத் தாம் பெற்றவை என்றே பொய்யாகப் பதிந்து வளர்த்தனர். ஏதுமறியாமல் தத்தெடுத்த நல்லவர்களும் இருந்தனர். இவ்வாறு கைமாறிய குழந்தைகள் 500 பேர் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பு.

1977 ஏப்ரல் இறுதியில் தலைநகர் புவெனஸ் அயர்சில், அரசு மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் சில தாய்மார் வந்து நின்றனர். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீசார் தடுத்தபோது அவர்கள் நடக்கத் தொடங்கினர். தம் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கட்டிய வெண்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாரந்தோறும் அச்சதுக்கத்தைச் சுற்றி வந்தனர். அவர்களுள் பன்னிருவர், மகனையும் மகளையும் மட்டுமன்றிப் பேரக் குழந்தைகளையும் தேடுவதற்காக அவ்வாண்டு அக்டோபரில் தனிச் சங்கம் அமைத்தனர். "மே சதுக்கத்துப் பாட்டிமார்" என்பது அதன் பெயர். இவர்கள் தேநீர் விடுதியில் கூடும்போது, யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் போல் சிரித்துப் பேசிக்கொண்டே மேசையடியில் காகிதங்களைக் கைமாற்றிக்கொள்வார்களாம். வேவு பார்ப்பவர் கண்ணுக்கு அது கிழவியரின் விருந்து; உண்மையில் அது ஒரு துப்பறியும் நிலையம்.

துப்பு கிடைக்கவும் செய்தது. பிள்ளைப்பேறு இல்லாதிருந்த அதிகாரி வீட்டில் திடீரென்று ஒரு குழந்தை வந்திருக்கிறது என்று அண்டை வீட்டார் பெயரில்லாக் கடிதம் எழுதினர். ஆனால் அங்கே ஒரு பெரிய தடை எதிர்ப்பட்டது. "இது என் பேத்தி" என்று பாட்டி சொன்னால் நீதிபதி நம்புவாரா? ஒரு குழந்தை இன்னாருடையது என்று இரத்தச் சோதனையால் காட்டும் முறை அன்றும் இருந்தது. ஆயின் அதற்குத் தாயோ தந்தையோ வேண்டும். இங்கே இருவருமே இல்லை. ஆகவே பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் பல நாடுகளுக்கும் சென்றனர். எங்கும் அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நடுவில் ஒரு தலைமுறை இல்லாதபோது, எங்கள் இரத்தம் பேரக் குழந்தையை அடையாளம் காட்டுமா?"

காட்டும் என்ற விடை அமெரிக்காவில் கிடைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி-கிளேர் கிங் என்ற மரபியல் அறிஞரும் வேறு சிலரும் அதற்கான கணக்கை வகுத்தனர். அதன் அடிப்படை கடினமானதன்று. நம் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் உள்ளன. அவை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவன. ஒவ்வொருவரிடமும் அவற்றை ஆக்கும் மரபணுத் தொகுதிகள் இரண்டு உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. அப்படியானால் தாத்தா பாட்டியர் நால்வரிடமும் மொத்தம் எட்டுத் தொகுதிகள். குழந்தையிடம் இருப்பவை இரண்டு. அவ்விரண்டில் ஒன்று தந்தையைப் பெற்றவர்களின் நான்கில் ஒன்றாகவும், மற்றொன்று தாயைப் பெற்றவர்களின் நான்கில் ஒன்றாகவும் இருந்தே தீரவேண்டும். இல்லையேல் உறவு பொய். இருந்தால், அத்தகைய பொருத்தம் தற்செயலாக அமைவது எவ்வளவு அரிது என்று கணக்கிட்டு உறவின் உறுதியை எண்ணால் கூறலாம். தாத்தா ஒருவர் இறந்திருந்தாலும், அவர் பிள்ளைகளாகிய அத்தை, சித்தப்பா, மாமன்மாரின் இரத்தத்திலிருந்து அவருடைய தொகுதிகளை உய்த்துணரலாம். இக்கணக்கிற்கு ஸ்பானிய மொழியில் பாட்டி என்ற சொல்லிலிருந்தே ஒரு பெயரை ஆக்கினர். தாய்மை என்பது போலப் பாட்டிமை என்று நாம் கூறலாம்.

மோன்தேவீதேயோவில் பிடிபட்ட குழந்தையின் வழக்குத்தான் இம்முறைக்கு முதல் வெற்றி. அவளைப் போலீஸ் அதிகாரி ஒருவர் தம் சொந்த மகள் என்று பதிவு செய்து வளர்த்து வந்தார். வயதையும் குறைத்தே எழுதியிருந்தார். அவளுடைய பாட்டி, மக்களாட்சி திரும்பியதும் வழக்குத் தொடுத்தார். 1984-இல் இரத்தச் சோதனை உண்மையைக் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் எட்டு வயதுச் சிறுமியாகப் பேத்தி பாட்டியின் வீட்டிற்குத் திரும்பினாள்.

இதன்பின் விஞ்ஞானம் மேலும் ஓர் அடி முன்னேறியது. நம் உயிரணுக்களுள் ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்கெனத் தனியான ஒரு சிறிய மரபுச்செய்தி உண்டு. தந்தையின் பங்கு அதில் இல்லை. தாய் தன் மக்கள் அனைவருக்கும் அதனைத் தருகிறாள். மகள் மட்டுமே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்கிறாள். ஆகவே தாயைப் பெற்ற பாட்டி, தாய், சேய் ஆகிய மூவரிடமும் அது பெரும்பாலும் எழுத்து மாறாமல் இருக்கும். தாய்வழி உறவினர் ஒருவரே இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவில் உள்ள தாயை எவ்வளவு திறமையாக மறைத்தாலும், அவள் இருந்தாள் என்பதற்கு அவள் சேயின் ஒவ்வோர் அணுவும் சான்று பகர்கிறது! கொன்றவர்கள் அழிக்க மறந்த ஏடு இது ஒன்றே.

1987-இல் அர்ஜென்டினா ஒரு சட்டம் இயற்றித் தேசிய மரபணு வங்கியை அமைத்தது. தேடும் குடும்பத்தினரின் இரத்தம் அங்கே சேமிக்கப்பட்டது. 2050-ஆம் ஆண்டு வரையிலேனும் அதனைக் காக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பாட்டி இறந்தாலும் அவள் சாட்சியம் இறவாதிருக்கக் கண்ட வழி அது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், தன் பெயரையும் குடும்ப உறவையும் காத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 8-ஆம் பிரிவு கூறுகிறது. அதில் அப்பாட்டிமாரின் உழைப்பும் அடங்கியுள்ளது. 2012-இல், குழந்தைகளைக் கவர்ந்தது திட்டமிட்ட குற்றமே என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் விதேலாவுக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. 2025 ஜூலை வரை உண்மை தெளிவான பேரக் குழந்தைகளின் தொகை 140.

இங்கே நேயர்களுள் சிலர் ஒன்று கேட்கக்கூடும். வளர்த்தவரையே பெற்றோர் என்று நம்பி அன்பு செலுத்திய பிள்ளையிடம் இவ்வுண்மையைக் கூறுவது இரக்கமாகுமா? அது எளிய கேள்வியன்று. அர்ஜென்டினாவிலும் அதனைப் பற்றிக் கடுமையான வாதங்கள் நடந்தன. ஒன்றை மட்டும் கூறுவேன். அன்பு தந்தவரை அன்பால் அளக்கலாம். ஆனால் ஒருவன் யார் என்ற உண்மையை அவனிடமிருந்து மறைத்து வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இப்பொழுது அப்பிள்ளைகள் நாற்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் பலர் தம் பிறப்பைப் பற்றிய ஐயத்தோடு தாமே வந்து இரத்தம் கொடுக்கின்றனர்.

எல்லாத் தேடலும் கைகூடிவிடவில்லை. சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், "சிச்சா" என்று அன்போடு அழைக்கப்பட்ட மரியானி அம்மையார். லா பிளாத்தா நகரில் 1976 நவம்பரில் அவர் மகனின் வீட்டை இராணுவத்தினர் தாக்கி மருமகளைக் கொன்றனர். மூன்று மாதப் பேத்தி கவரப்பட்டாள். நாற்பதாண்டுகளுக்கு மேல் தேடிய சிச்சா, பேத்தியைக் காணாமலே 2018-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார். பாட்டியிடம் திரும்பிய அச்சிறுமியின் தாயும் தந்தையும் இன்றுவரை கிடைக்கவில்லை. சேயின் புதிருக்கு விடை கிடைத்தது. தாயின் புதிர் அப்படியே நிற்கிறது. அவள் எங்கே, எந்நாள், யார் கையால் மாண்டாள் என்பதற்கு இரத்தம் விடை கூறாது. அறிந்த மனிதர்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

என் பாட்டி தொட்டிலருகே நின்று "நம் வீட்டுக் காது" என்று கூறியதை இப்பொழுது நான் வேடிக்கையாக எண்ணுவதில்லை. பெற்றவர் இல்லாத நாளிலும் இந்தக் குழந்தைக்கு ஒரு வீடு உண்டு என்று அவள் உறுதி கூறிக்கொண்டிருந்தாள்.