கொடுங்கோன்மையை அளத்தல்

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். விளைச்சலைக் குவிண்டாலில் கணக்கிடுகிறோம். மக்களைக் காக்க வேண்டிய அரசே அவர்கள்மீது இழைக்கும் வன்முறையை எவ்வாறு அளப்பது? திருவள்ளுவர் 'கொடுங்கோன்மை', 'வெருவந்த செய்யாமை' என இரண்டு அதிகாரங்களை வகுத்து ஆள்வோரை எச்சரித்தார். அக்கொடுமையை எண்ணால் அளந்து நாடுகளை ஒப்பிடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது.

1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் அவை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. உரிமைகள் எவை என்பது வரையறுக்கப்பட்டதால், மீறல்கள் எவை என்பதும் தெளிவாயிற்று. 1980களில் ஆய்வாளர்கள், ஆண்டறிக்கைகளைப் படித்து ஒவ்வொரு நாட்டிற்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வழங்கும் அளவுகோலை உருவாக்கினர். சட்டத்தின் ஆட்சி நிலைத்து, சித்திரவதை அரிதாக உள்ள நாடு ஒன்று பெறும். அரச அச்சம் மக்கள் அனைவரையும் சூழ்ந்த நாடு ஐந்து பெறும்.

இத்தகைய மதிப்பீடுகளுக்கு அந்தந்த நாட்டின் பதிவுகளும் துணையாகலாம். இந்தியாவில் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993 இன்படி தேசிய மனித உரிமைகள் ஆணையம் தோன்றியது. காவலில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று அவ்வாணையம் அதே ஆண்டு டிசம்பரில் பணித்தது. தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையம் 1997 ஏப்ரல் 17 அன்று அமைந்தது. சென்னையில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் அதன் அலுவலகம் உள்ளது. பாதிக்கப்பட்டவர் அங்குக் கட்டணமின்றி முறையிடலாம். எனினும், மீறல் நிகழ்ந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதனை விசாரிக்கச் சட்டம் இடந்தராது.

எண்களைப் படிப்பதில் விழிப்பு வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் காவல்நிலைய மரணங்களோடு சிறை மரணங்களையும் பதிவு செய்கிறது. நோயால் இறந்தோரும் அவற்றுள் அடங்குவர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'இந்தியாவில் குற்றங்கள்' அறிக்கையோ காவல்துறைக் காவலில் நேர்ந்த மரணங்களைத் தனியே தருகிறது. எனவே, 'காவல் மரணம்' என்ற ஒரே பெயரில் இருவேறு எண்கள் வழங்குகின்றன.

மேலும், முறையீடுகள் பெருகினால் வன்முறை பெருகியது என்று உடனே முடிவு கட்டலாகாது. அஞ்சி வாய்மூடியிருந்தோர் துணிந்து பேசத் தொடங்கியதும் காரணமாகலாம். பதிவுகளை மறைக்கும் நாடு, அவற்றைத் திறந்து வைக்கும் நாட்டைவிட நல்லதாகத் தோன்றவும் கூடும். பதிவேட்டில் ஏறாத மரணம் எந்த அளவுகோலுக்கும் எட்டாது. ஆதலால் ஓர் எண்ணைக் காணும்போது, எண்ணியவர் யார், எதை எண்ணினார், எது விடுபட்டது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதரும், விடைக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பமும் உண்டு.