செய்தி அவர்களுடையது, பாதை யாருடையது?

காகிதத்திலிருந்து செல்போனுக்கு மாறிய புந்தேல்கண்ட் பெண்களின் பத்திரிகை லட்சக்கணக்கானவர்களை எட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பாதையின் சாவி வேறு கைகளில்.

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் நிருபர் என்றால் பெரும்பாலும் மேல்சாதி ஆண் என்றுதான் அர்த்தம். 2002 மே மாதம் அந்த வழக்கத்தைச் சில பெண்கள் உடைத்தார்கள். தலித், பழங்குடி, முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றவர்களும் அவர்களில் உண்டு. தில்லியின் நிரந்தர் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன் கர்வி என்ற சிறு நகரிலிருந்து அவர்கள் கொண்டுவந்த பத்திரிகையின் பெயர் 'கபர் லஹரியா' - செய்தி அலைகள். விலை 2 ரூபாய். மொழி, ஊரில் பேசும் புந்தேலி.

தண்ணீர் வராத அடிபம்பு, ரேஷன் முறைகேடு, சட்டவிரோதச் சுரங்கம், பெண்கள் மீதான வன்முறை. பெரிய நாளேடுகள் கண்டுகொள்ளாத இவையே அதன் தலைப்புச் செய்திகள். எழுதியவர்களே பிரதிகளைப் பையில் சுமந்து கிராமம் கிராமமாக விற்றார்கள். குறை சொல்ல விரும்பிய வாசகருக்கு நிருபர் வாசலிலேயே கிடைத்தார். 2009இல் இந்த முயற்சிக்கு யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது.

பிறகு காலம் மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் இன்டர்நெட் மலிந்தது. பத்திரிகை அச்சை விட்டு வீடியோவுக்குத் தாவியது. லாபம் சிறியதல்ல. எழுத்தறியாதவரும் இப்போது செய்தி பார்க்கலாம். உடைந்த சாலையை வர்ணிக்க வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

சிக்கலும் அங்கேதான். பைக்கும் வாசலுக்கும் நடுவே அன்று யாரும் இல்லை. இன்று எந்த வீடியோ யார் கண்ணில் படும் என்பதை யூட்யூபின் கணக்குகள் தீர்மானிக்கின்றன. சினிமாப் பாட்டோடும் தொலைக்காட்சிக் கூச்சலோடும் அடிபம்பு போட்டியிட வேண்டும். யூட்யூப் கூகுளுடையது. 2020இல் ஜியோவின் தாய் நிறுவனத்தில் 7.7 சதவீதப் பங்குக்காக கூகுள் 33,737 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தது. ஜியோவை நடத்தும் ரிலையன்ஸ், நெட்வொர்க்18 செய்திச் சேனல்களை 2014இலேயே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டது. ஆக, இணைப்பு, மேடை, போட்டிச் சேனல் மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். 2024 ஜூலையில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 2 ரூபாய் விலையைப் பத்திரிகையே நிர்ணயித்தது; இந்த விலையில் அதற்குப் பேச்சே இல்லை.

தங்கள் பிம்பம்கூடத் தங்கள் கையில் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதுதான் தங்கள் வேலை என்பதுபோல் படம் காட்டுகிறது, அது சரியல்ல என்று விழாவுக்கு முன்பே அவர்கள் பகிரங்கமாக மறுத்தார்கள். பாராட்டு மழைக்கு நடுவே அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல்தான் அவர்களின் மூலதனம். கிராமத்துக்குள் நடந்து செல்லும் நிருபரை எந்த நிறுவனமும் இன்னும் விலைக்கு வாங்கவில்லை. அவர் கொண்டுவரும் செய்தி ஊர் திரும்பும் வழிதான் வாடகைக்கு எடுத்தது.