இரண்டு பிக்கப், ஒரு ஸ்டியரிங் பாக்ஸ்

எறணாகுளம் பிராட்வேயில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் ஒரே கம்பெனியின் பிக்கப் வண்டிகள் இரண்டு. டூ வீல் டிரைவ் வண்டி மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து கடைக்குச் சரக்கு ஏற்றி வருவது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி உடும்பஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் ஏலக்காய் ஏற்றி மலை இறங்குவது. இப்போது மலை வண்டியின் பவர் ஸ்டியரிங் பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறது, பிளேயும் கூடிவிட்டது. டவுன் வண்டியோ எஞ்சின் போய் ஷெட்டில் கிடக்கிறது. "டவுன் வண்டியின் பம்பையும் பாக்ஸையும் கழற்றி மலை வண்டியில் மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். வேண்டாம் என்கிறான் என் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

பம்பைப் பொறுத்தவரை மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டிலும் ஒரே எஞ்சின், ஒரே புல்லி, ஒரே அழுத்தம் என்றால் எண்ணெயைத் தள்ளுவதோடு பம்பின் வேலை முடிந்தது. பின் சக்கரம் மட்டும் இழுக்கிறதா, நான்கும் இழுக்கிறதா என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. பாக்ஸ் விஷயத்தில் நான் மகன் பக்கம். ஏன் என்று சொல்லும் முன், அந்த பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாகனத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான்.

ஸ்டியரிங் தண்டு பாக்ஸுக்குள் நுழைந்ததும் நேராகக் கியரைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. டார்ஷன் பார் என்பார்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கிறது. அந்த இரண்டு பலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலில் அதைச் சுற்றியுள்ள வால்வின் துளைகள் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும். பம்பு தள்ளும் எண்ணெய் விரிந்த வழியாகப் பாய்ந்து பிஸ்டனை அழுத்தும், சக்கரம் திரும்பும். திரும்பியதும் கம்பி தன் நிலைக்கு வந்துவிடும், உதவியும் அந்தக் கணமே நின்றுவிடும். சிறு வயதில் என் அண்ணனும் நானும் இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றியபோது, என் பக்கம் பாரம் கூடுவதைக் கைப்பிடியிலேயே உணர்ந்து அவன் தூக்குவான். நான் நின்றால் அவனும் நின்றுவிடுவான். பேச்சே தேவைப்பட்டதில்லை. கணினியோ மின்சாரமோ இல்லாமல் ஒரு கம்பியின் முறுக்கலை வைத்து அதே வேலையை இந்த பாக்ஸ் செய்கிறது. எஞ்சின் நின்றுபோனாலும் வண்டி கைவிடாது. கம்பி ஓரளவுக்கு மேல் முறுக முடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தண்டு நேரடியாகவே கியரைத் திருப்பும். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் பியர்ஸ்-ஏரோ கம்பெனியில் பொறியாளராக இருந்த அமெரிக்கர் பிரான்சிஸ் டேவிஸ். தேவையில்லாத நேரத்தில் எண்ணெய் தடையின்றிச் சுற்றி வரட்டும், திருப்பும்போது மட்டும் அழுத்தம் ஏறட்டும் என்பது 1920களில் அவருக்குத் தோன்றிய யோசனை. போர்க்காலத்தில் கவச வண்டிகளுக்குப் போன அது, விற்பனைக்கான காருக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

கம்பி எவ்வளவு தடியோ ஸ்டியரிங் அவ்வளவு கனம். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு பாக்ஸுகளுக்குள் வேறு வேறு தடிமனில் கம்பி இருக்கலாம். முன்பாரம் கூடிய ஃபோர் வீல் வண்டிக்கென்று அளந்து வைத்ததும், இலேசான டூ வீல் வண்டிக்கென்று வைத்ததும் கையில் ஒன்றாக இருக்காது. ஆனாலும் இதையாவது பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள முடியாதவை வேறு இருக்கின்றன.

ஃபோர் வீல் வண்டியில் முன் சக்கரமும் இழுக்கிறது. அதற்கு சக்தி கொண்டுபோகும் தண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாயின்டில் மடங்குகிறது. அந்த ஜாயின்ட் ஓரளவுக்கு மேல் மடங்காது. அதனால்தான் ஃபோர் வீல் பிக்கப் பெரிய வட்டமடித்துத் திரும்புகிறது. பிராட்வே மாதிரி நெரிசலான கடைத்தெருவில் டூ வீல் வண்டி ஒரே வெட்டில் திரும்பும் இடத்தில் அது ஒருமுறை பின்னுக்கு எடுத்துத்தான் திரும்பும். டூ வீலுக்கான பாக்ஸ் சக்கரத்தை இன்னும் அதிகமாகத் திருப்பும்படி அமைந்திருந்தால், அதை இதில் மாட்டியதும் எல்லைப் போல்ட் ஒன்றுதான் ஜாயின்டைக் காக்கும். அந்த போல்ட் தேய்ந்தோ கழன்றோ இருந்தால் மலை வளைவில் ஜாயின்ட் உடையும்.

அடுத்தது இடம். டூ வீலில் வெறுமையாக இருக்கும் முன் ஆக்ஸிலின் நடுவில், ஃபோர் வீலில் டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் உயரமும் கூடுதல். இதனால் பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டை ராட், டிராக் லிங்க் எல்லாம் இடம் மாறும், கோணம் மாறும். சில வண்டிகளில் பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடும், சிலவற்றில் பக்கவாட்டில். டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீலிலேயே கட்டை ஆக்ஸில் வண்டிக்கும், தனித்தனி சஸ்பென்ஷன் வண்டிக்கும் இந்த வித்தியாசம் உண்டு. ஆக்ஸிலுக்கு முன்னால் இழுக்கச் செய்த பாக்ஸைப் பின்னால் இழுக்கும் அமைப்பில் பூட்டினால், இடது பக்கம் திருப்பும்போது வண்டி வலது பக்கம் போகும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், டிராக் லிங்கின் கோணம் தவறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாக ஒரு வெட்டு வெட்டும். பாதாளத்தை ஒட்டிய எஸ்டேட் பாதையில் அந்த வெட்டு எங்கே கொண்டுபோய்விடும் என்று அந்த வழியில் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

அமெரிக்க வீடியோ பார்த்துப் பாக்ஸ் மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே டிரைவர் இடது பக்கம். பாக்ஸும் இடது சேசிஸில். நம்முடையது வலது பக்கம்.

இந்த மாற்றங்களுக்காக லேத்திலும் வெல்டிங் பட்டறையிலும் நடப்பவற்றைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நீளம் போதவில்லை என்று டிராக் லிங்கை வெட்டி ஒட்டுகிறார்கள். கோணம் பொருந்தவில்லை என்று பிட்மேன் ஆர்மைச் சூடாக்கி வளைக்கிறார்கள். சூட்டில் பதம் பிடித்துச் செய்த எஃகு அது. மறுபடி சுட்டால் பதம் போகும். உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது. பிரேக் போனால் கியரும் ஹேண்ட் பிரேக்கும் ஓரளவு காப்பாற்றும், ஸ்டியரிங் போனால் காப்பாற்ற எதுவுமில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலங்கார விளக்குக்கும் அகல டயருக்கும் அபராதம் போடுவதைப் பார்க்கிறோம். சேசிஸுக்கு அடியில் குனிந்து டிராக் லிங்கில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று எஃப்.சி.யின்போது பார்த்தால் அதைவிட அதிக உயிர் பிழைக்கும்.

வாசகருக்கு என் யோசனை இது. முதலில் இரண்டு பாக்ஸின் பாக எண்ணையும் வாங்கி, கம்பெனியின் பாகப் பட்டியலில் ஒத்துப் பாருங்கள். எண் ஒன்றே என்றால் தாராளமாக மாட்டலாம். வேறு என்றால் மலை வண்டியின் சொந்த பாக்ஸுக்கே சீல் கிட் வாங்கிப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒழுகல் தேய்ந்த ஆயில் சீலால் வருவதுதான். பிளே கூடியதற்கும் உடனே பாக்ஸின் மேல் ஸ்குருவை முறுக்க வேண்டாம், முதலில் பால் ஜாயின்டுகளை ஆட்டிப் பார்க்கட்டும். தார் ரோட்டில் திருப்பக் கனமாக இருக்கிறது என்றால், மலையில் போட்ட ஃபோர் வீல் லீவரை இறங்கிய பிறகும் எடுக்காமல் ஓட்டுகிறாரா என்று டிரைவரிடம் கேளுங்கள். முன்னும் பின்னும் பூட்டிய நிலையில் காய்ந்த தார் ரோட்டில் எந்த ஸ்டியரிங்கும் கட்டிப்பிடிக்கும்.

டவுன் வண்டியின் பம்பை எடுத்து மாட்டுவதாக இருந்தால், பழைய ஹோஸில் கிடக்கும் அழுக்கு எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள். பம்பின் எண்ணெய் டப்பா மூடியில் என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பித் திருப்பி, மட்டம் இறங்க இறங்க எண்ணெய் விடுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யலாம். அப்போதும் எண்ணெய் பால்போல் நுரைத்தால் காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினை அணைத்து, நுரை அடங்கியதும் மறுபடி திருப்பத் தொடங்குங்கள்.