தவணை குறைந்தால் கடன் குறைந்துவிடுமா?

வீட்டுக் கடன் வாங்கியவருக்கும் வாங்கப் போகிறவருக்கும் ஆலோசனை கிடைக்க அமெரிக்காவில் அரசே வழி செய்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. மத்திய வீட்டுவசதித் துறை தானே வகுப்பு நடத்துவதில்லை. உள்ளூரில் இயங்கும், பெரும்பாலும் லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு அங்கீகாரமும் மானியமும் தருகிறது. துறையின் தேர்வில் தேறிய ஆலோசகர், குடும்பத்தின் வரவு செலவையும் கடன் பத்திரங்களையும் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார்.

அவரால் பெரிதும் பயன் கிடைப்பது ரீஃபைனான்ஸில்தான். பழைய கடனை அடைக்கக் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்குவதே ரீஃபைனான்ஸ். 2 லட்சம் டாலரை 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 1,331 டாலர். ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய 1,88,000 டாலர் அப்படியே நிற்கும். அதை 6 சதவீதத்துக்கு மாற்றி, மறுபடி 30 ஆண்டு என்று கையெழுத்திட்டால் தவணை சுமார் 1,129 டாலராக இறங்கும். மாதம் 200 டாலர் மிச்சம் என்று மனம் குளிரும். ஆனால் பழைய கடனில் மீதமிருந்தது 25 ஆண்டு. அதில் கட்ட வேண்டியிருந்தது சுமார் 3,99,000 டாலர். புதுக் கடனிலோ 4,06,000 டாலருக்கு மேல். பத்திரச் செலவு தனி. வட்டி குறைந்தும் மொத்தத் தொகை ஏறுகிறது! புதுக் கடனையும் 25 ஆண்டிலேயே முடித்தால் லாபம் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். அவர் கடன் விற்பவராக இருக்கக் கூடாது.

2015 அக்டோபர் முதல் படிவங்களும் எளிமையாகியுள்ளன. விண்ணப்பித்த மூன்று வேலைநாளுக்குள் வட்டி, தவணை, கட்டணங்களைச் சொல்லும் மூன்று பக்க மதிப்பீட்டைக் கடன் தருபவர் அனுப்ப வேண்டும். கடன் முடிவாவதற்கு மூன்று வேலைநாள் முன்பு இறுதிக் கணக்கும் வர வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து, ஏறியிருக்கும் கட்டணம் எது என்று பார்ப்பதையும் ஆலோசகர்கள் சொல்லித் தருகிறார்கள். குடியிருக்கும் வீட்டின் மீது வேறொரு நிறுவனத்தில் ரீஃபைனான்ஸ் செய்தவர், கையெழுத்திட்ட பிறகும் மூன்று வேலைநாளுக்குள் வேண்டாம் என்று ரத்து செய்யலாம்.

சொந்த வீட்டில் குடியிருந்தபடியே அதை ஈடாக வைத்துப் பணம் பெறுவது ரிவர்ஸ் மார்ட்கேஜ். 62 வயது நிரம்பியவர்களுக்கு அரசுக் காப்பீட்டுடன் கிடைக்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு ஆலோசனை கட்டாயம்.

தவணை தவறி வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆலோசனை இலவசம். வீட்டை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்பது இங்கே முதலில் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் ஒன்று. குடியிருக்கும் வீடானால், பொதுவாகத் தவணை 120 நாளுக்கு மேல் நிலுவையானால்தான் பறிமுதல் நடவடிக்கையையே தொடங்க முடியும். தவணையைத் திருத்தவோ கொஞ்ச காலம் தள்ளி வைக்கவோ கேட்பதற்கான அவகாசம் அதுதான். பயத்தில் பிரிக்காமல் போட்டுவைத்த வங்கிக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதில்தான் ஆலோசகரின் வேலை தொடங்குகிறது.