குற்றமா, குணமா? — ஒரு துப்பறியும் நவீனமும் அதன் வாசகரும்

துப்பறியும் நவீனங்களை வாசிப்போர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் அந்நூலைப் புதிரெனக் கொள்வர். குற்றஞ் செய்தவர் யாவர், எங்ஙனஞ் செய்தார், எத்தடயத்தால் வெளிப்பட்டார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்ததும் அவர்தம் வேட்கை தணிந்துவிடும். மற்றைத் திறத்தார் குற்றத்தின் வாயிலாக மனிதரைக் காண விழைவர். குற்றம் நிகழ்ந்தபின் ஒரு வீடோ, ஊரோ, கல்லூரியோ எவ்வாறு தன்னியல்பு காட்டுகின்றது என்பதே அவர்க்குச் சுவை பயப்பது. இவ்விரு திறத்தாரையும் எதிரெதிரே நிறுத்தி, இன்றுவரை வழக்காடச் செய்துவரும் ஆங்கில நவீனம் ஒன்றுண்டு. டொறதி எல். செயேர்ஸ் என்னும் பெண்மணி 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கோடி நைற்’ என்பதே அது. அந்நூல் பெற்ற வரவேற்பையும் கண்டனத்தையும் ஆராயின், துப்பறியும் நவீனம் இலக்கியமாதல் கூடுமோ என்னும் பொது வினாவுக்கும் ஓரளவு விளக்கங் கிடைக்கும்.

செயேர்ஸ் 1893ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரிற் பிறந்தவர். அந்நகரின் சமவில் கல்லூரியில் தற்கால மொழிகளைப் பயின்று, 1915ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் தேறினார். ஆயினும் அவருக்குப் பட்டம் அளிக்கப்படவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1878ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பட்டவாயிலைத் திறந்துவிட்டது. ஒக்ஸ்போர்ட் 1920ஆம் ஆண்டு வரை அதனைத் திறவாது நின்றது. அவ்வாண்டிற் பட்டம் பெற்ற முதற் பெண்கள் குழுவில் செயேர்சும் ஒருவர். அதன்பின்னும், 1927ஆம் ஆண்டில், பெண் மாணவர் தொகைக்கு அப்பல்கலைக்கழகம் வரம்பு விதித்தது. அவ்வரம்பு 1957ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை. கேம்பிரிட்ஜிற் பெண்கள் முழுப் பட்டம் பெற 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளாதார்க்கு ‘கோடி நைற்’ நவீனத்தின் உள்ளுறை புலப்படாது. அந்நூலில் இடம்பெறும் பெண் அறிஞர்கள் தம் இருக்கைகளை எளிதிற் பெற்றவரல்லர். ஒரு சிறு பழிச்சொல் கிளம்பினாலும், பெண்களுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்கப் பலர் வெளியே காத்திருந்தனர்.

செயேர்ஸ் 1923ஆம் ஆண்டிலே பீற்றர் விம்சி பிரபு என்னுந் துப்பறிவாளரைப் படைத்தார். உயர்குடிப் பிறப்பு, பெருஞ் செல்வம், ஒற்றைக் கண்ணாடி, ஓயாத நகைச்சுவைப் பேச்சு ஆகியவற்றால் அமைந்த அப்பாத்திரம் தொடக்கத்திற் பொம்மை போன்றதே. அக்காலத்தில் துப்பறியும் கதை ஒருவகை விளையாட்டாகவே கருதப்பட்டது. றொனால்ட் நொக்ஸ் என்னும் குரவர் 1929ஆம் ஆண்டில் அவ்விளையாட்டுக்குப் பத்து விதிகளை வகுத்தார். செயேர்சும் 1928ஆம் ஆண்டில் தாம் தொகுத்த கதைத் திரட்டொன்றின் முன்னுரையில், இவ்வகைக் கதை இலக்கியத்தின் மிக உயர்ந்த படியை எட்டவில்லை என்றும், எட்டுதல் இயலாது என்றும் கூறியிருந்தார். காதலைத் துப்பறியும் கதையிற் புகுத்துவதையும் அவர் விரும்பவில்லை. ஆனால், 1868ஆம் ஆண்டில் வெளிவந்த வில்கி கொலின்சின் ‘மூன்ஸ்ரோன்’ நவீனத்தை அவர் பெரிதும் போற்றினார். புதிரும் குணவோவியமும் ஒன்றோடொன்று பிணங்காது நின்ற நூல் அது. அந்தப் பழைய நெறிக்கு மீளவேண்டும் என்னும் வேட்கையும் அவருள்ளத்திற் குடிகொண்டிருந்தது.

1930ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்ரோங் பொய்சன்’ நவீனத்தில் ஹரியற் வேன் என்னும் எழுத்தாளப் பெண் தோன்றுகின்றாள். காதலனை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்ட அவளை விம்சி தூக்குக் கயிற்றினின்றும் மீட்கின்றான். மணஞ்செய்து கொள்ளவும் வேண்டுகின்றான். அவ்விருவரையும் மணமுடித்து வைத்து விம்சியின் கதையையே முடித்துவிடுதல் ஆசிரியரின் முதல் நோக்கமாக இருந்தது. ஆனால், உயிரீந்த ஒருவனை நன்றிக் கடனுக்காக மணப்பது தன்மதிப்புடைய பெண்ணுக்கு இயலாத செயல் என்பதை அவர் உணர்ந்தார். நன்றியும் அன்பும் ஒன்றல்ல. ஆகவே திருமணம் தள்ளிப்போயிற்று. பொம்மையாயிருந்த விம்சியை மனிதனாக்க வேண்டிய கடமையும் வந்து சேர்ந்தது. ‘கோடி நைற்’ அக்கடமையின் விளைவு எனலாம்.

‘கோடி’ என்பது ஒக்ஸ்போர்ட் கல்லூரிகளிற் பழைய மாணவர்க்கு அளிக்கப்படும் விருந்து விழாவின் பெயர்; மகிழ்ச்சி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஷ்றூஸ்பரி என்னுங் கற்பனைக் கல்லூரியின் அவ்விழாவுக்கு ஹரியற் செல்கின்றாள். அதன்பின் அக்கல்லூரியில் மொட்டைக் கடிதங்கள் பரவுகின்றன. ஆசிரியை ஒருவரின் திருத்திய அச்சுத்தாள்கள் பாழாக்கப்படுகின்றன. பட்டதாரி அங்கி போர்த்த பொம்மையொன்று தூக்கிலிடப்படுகின்றது. மாணவி ஒருத்தி மனமுடைந்து உயிர்விட முயல்கின்றாள். பழிக்கு அஞ்சிக் காவற்றுறையை நாடாத கல்லூரித் தலைவியர் ஹரியற்றின் துணையை வேண்டுகின்றனர். நீண்ட இந்நூலிற் கொலை ஒன்றேனும் நிகழவில்லை. விம்சியோ அரசாங்க அலுவலாக வெளிநாட்டிலே தங்கி, கதையின் பெரும்பகுதி கழிந்தபின்னரே வந்து சேர்கின்றான்.

ஈண்டு முதற் றிறத்து வாசகர் மனம் புழுங்கியதில் வியப்பில்லை. கொலையற்ற துப்பறியுங் கதை உப்பற்ற பண்டமாக அவர்க்குத் தோன்றிற்று. ஜூலியன் சைமன்ஸ் என்னும் திறனாய்வாளர், துப்பறியும் இலக்கியத்தின் வரலாறாகத் தாம் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இந்நவீனத்தைப் பெண்களுக்கென எழுதப்பட்ட சலிப்பூட்டும் உரையாடற் றொகுதி என்ற கருத்துப்பட இகழ்ந்தார். புதிரைத் தேடிச் சென்றவர்க்கு ஆசிரியைகளின் உரையாடல் வீண்பேச்சாகத் தோன்றுதல் இயல்பே. ஆனால் அவ்வுரையாடல்களிலேதான் புதிரின் திறவுகோல் கிடக்கின்றது என்பதை அவர் போதிய அளவு மதித்தாரெனக் கூறுதல் அரிது.

வேறு சிலரின் கண்டனம் மறுதிசையிலிருந்து வந்தது. ஜோர்ஜ் ஓர்வெல் 1936ஆம் ஆண்டில் எழுதிய மதிப்புரையில், செயேர்ஸ் உயர்குடிப் பெருமையை நகையாடுவது போலக் காட்டிக்கொண்டே அதிலே தாமும் திளைக்கின்றார், வாசகரையும் திளைக்கவைக்கின்றார் என்று சுட்டினார். 1937ஆம் ஆண்டில் கியூ. டி. லீவிஸ் அம்மையார் ‘ஸ்குறூற்றினி’ என்னும் ஆய்விதழிற் கடுமையான கட்டுரையொன்றை வரைந்தார். கேம்பிரிட்ஜிலே பயின்று, பல்கலைக்கழக வாழ்வை உள்ளிருந்து கண்டவர் அவர். அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உறைவிடமாகச் செயேர்ஸ் காட்டும் கல்லூரி வெறுங் கனவென்றும், இத்தகைய நூலைக் கற்றோர் விரும்பிப் படிப்பது அவர்தஞ் சுவையின் தாழ்ச்சியைக் காட்டுகின்றது என்றும் அவர் வாதித்தார். சைமன்ஸ் இதனைத் துப்பறியும் கதையாகப் போதாதென்றார். லீவிஸ் இலக்கியமாகப் போதாதென்றார். இருபுறமும் அடிபட்ட நூல் இது.

அமெரிக்க எழுத்தாளரான றேமன்ட் சான்ட்லர் 1944ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிற் பிறிதோர் உண்மையைத் தொட்டார். உயர்ந்த படியை எட்டுதல் இயலாதெனச் செயேர்ஸ் முன்னர்ச் சொன்னதை எடுத்துக்கொண்டு, குறை அவ்வகைக் கதைகளின் இயல்பிலன்று, அவர் கைக்கொண்ட வாய்பாட்டிலேயே உள்ளதென வாதித்தார். மெய்யான மனிதரைக் கொண்டு தொடங்கிய கதை, சூழ்ச்சியின் கட்டாயத்தால் அவரைப் பொய்யாக நடக்கச் செய்கின்றது என்பது அவர் கருத்து. செயேர்சின் கதைகளிற் சிறந்த பகுதியை நீக்கினாலும் புதிர் குலையாது என்றும் அவர் கூறினார். இது பொருட்படுத்தத்தக்க வாதம். ‘கோடி நைற்’ நவீனத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

கதையின் முடிச்சு யாது? வரலாற்று ஆராய்ச்சியாளரான செல்வி டி வைன், முன்னொருகால் யோர்க் நகரில் ஓர் ஆய்வுரையைப் பரீட்சித்தார். அதனை எழுதியவன் தன் முடிபுக்கு முரணான சான்றொன்றைக் கண்டும் மறைத்திருந்தான். டி வைன் அதனை வெளிப்படுத்தினார். அவன் பட்டத்தையும் தொழிலையும் இழந்தான்; பின்னர்த் தற்கொலை செய்துகொண்டான். அவன் மனைவி அன்னி, இரு குழந்தைகளைக் காக்கும் பொருட்டு, டி வைன் வந்து சேர்ந்த அக்கல்லூரியிலே பணிப்பெண்ணாக அமர்ந்து பழி தீர்க்க முனைந்தாள். கணவன் மறைத்தது ஒரு பழந்தாள். அதன்பொருட்டு ஒரு குடும்பத்தை அழிக்கலாமோ என்பது அவள் வினா. பழந்தாளாயினும் உண்மை உண்மையே, ஆராய்ச்சியாளன் அதனை மறைத்தலாகாது என்பது கல்லூரியின் விடை.

கல்லூரி ஆசிரியைகள் விம்சியோடு விருந்துண்டபின் நிகழ்த்தும் நீண்ட உரையாடல் இவ்வினாவையே சுற்றுகின்றது. குடும்பத்தின் பொருட்டு ஒருவன் பொய்யுரைக்கலாமா? ஆய்விலே பொய்த்தவன் வாழ்விலே மெய்யனாதல் கூடுமா? இவ்வுரையாடலை நீக்கிவிட்டால் குற்றத்தின் காரணமே மறைந்துவிடும். ஆகவே, சான்ட்லரின் கண்டனம் செயேர்சின் பிற நூல்களுக்குப் பொருந்தினும் இதற்குப் பொருந்தாது. குணமே இங்குக் குற்றத்துக்கு வித்து, கொள்கையே தடயம். 1937ஆம் ஆண்டில் இந்நூல் பற்றித் தாமே எழுதிய கட்டுரையில், அறிவின் நேர்மையே நிலையான பேறு என்பதைச் சொல்லவே இக்கதைப் பின்னலைத் தேர்ந்ததாகச் செயேர்ஸ் விளக்கினார்.

எனினும் ஆசிரியர் எதிர்க்கட்சியின் வாயை அடைத்துவிடவில்லை என்பது கவனித்தற்குரியது. அகப்பட்டபின் அன்னி பொங்கியெழுந்து பேசும் பேச்சில் வெறியும் உண்டு, நியாயமும் உண்டு. டி வைன் தம் தீர்ப்பைத் தவறெனக் கருதவில்லை. ஆனால், தண்டிக்கப்பட்டவனின் மனைவி மக்கள் பின்னர் என்னவாயினர் என்று தேடிப் பாராதது தம் குற்றமே என்று ஒப்புக்கொள்கின்றார். உண்மையைக் கூறுதல் கடமை. கூறியபின் விளைவை நோக்காது விலகுதல் கடமையாகாது. புதிரை மட்டும் தேடுவோர் கடந்து செல்லும் இப்பகுதியே நூலின் உயிர்நிலை எனலாம்.

ஒரு குறை மட்டும் மறுத்தற்கரியது. கற்றறிந்த பெண்களெல்லாம் ஐயத்தினின்று நீங்க, பணிப்பெண் ஒருத்தி குற்றவாளியாதல் வர்க்கச் சார்புடையது என்று பலர் கூறுவர். ஓர்வெல்லின் கண்டனத்தோடு இதனைச் சேர்த்துப் பார்ப்பின், அது வெறும் பழியன்று. ஆனால், கல்லூரியார் தம்முட் கற்றவர் ஒருவரையே ஐயுற்று, நாள்தோறும் தம் அறைகளிற் புழங்கிய பணிப்பெண்ணைக் காணாது விட்டனர் என்பதும் கதையிலேயே உள்ளது. அக்குருட்டுத்தன்மையை ஆசிரியர் அறிந்து வரைந்தாரோ, அறியாது வரைந்தாரோ என்பதில் வாசகர் இன்னும் ஒருமைப்படவில்லை.

போற்றியோரும் பலர். தாமே புகழ்பெற்ற துப்பறியும் நவீனங்களை எழுதிய பி. டி. ஜேம்ஸ் அம்மையார், புதிரும் சமுதாய நவீனமும் இணக்கமாகக் கூடிய நூலென இதனை மதித்தார். 1960ஆம் ஆண்டுகளின் பின் பெண்ணுரிமை நோக்கிலே பயின்றோர், தொழிலையும் அன்பையும் ஒருங்கே பேண விரும்பும் பெண்ணின் இடர்ப்பாட்டை இந்நூலிற் கண்டனர். 1987ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் இதனைத் தொலைக்காட்சி நாடகமாக்கியது.

வாசகரின் வழக்கை நூலே முன்னுணர்ந்துள்ளது என்பது வியப்புக்குரியது. ஹரியற் எழுதிக்கொண்டிருக்கும் துப்பறியுங் கதையில் ஒரு பாத்திரம் உயிரற்றிருப்பதை விம்சி சுட்டுகின்றான். அவனுக்கு மனிதவுணர்ச்சி கொடுக்குமாறு கூறுகின்றான். அங்ஙனம் எழுதின் தன் பழைய புண்ணைத் தானே கிளற நேரும் என அவள் அஞ்சுகின்றாள். நூல் நன்றாக அமையுமாயின் அந்நோவு பொருட்டன்று என்பது அவன் விடை. அவளைக் காதலிப்பவன், அவள் நோவைத் தவிர்க்கப் பொய்யான புகழ்ச்சி கூறவில்லை. ஆராய்ச்சியிற் போலக் காதலிலும் நேர்மை வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து? இறுதியில் அவன் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் மரபுச் சொற்களால், அவளைத் தனக்கு நிகரான பட்டதாரியென விளித்து, மணத்துக்கு இசைவு கேட்கின்றான். ஐந்தாண்டுகளாக நன்றியெனும் சுமையால் மறுத்தவள் நிகரென்னும் நிலையிலே இசைகின்றாள்.

ஆகவே, இந்நூலைப் பற்றிய வழக்கு இரு சுவைகளின் வழக்கு மட்டுமன்று. குற்றவாளியின் பெயரை அறிந்தபின் மூடி வைக்கத்தக்கது புதிர். பெயரை அறிந்த பின்னும், தீர்ப்புக் கூறியவர் செய்தது போதுமோ என்று வாசகனைத் தொடர்ந்து கேட்பது இலக்கியம். ‘கோடி நைற்’ நீளத்தாலும் உயர்குடி மோகத்தாலும் குறைபட்ட நூலேயாயினும், அக்கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றது. பிறர் எழுதியவற்றை மதிப்பிட்டுத் தீர்ப்புக் கூறுந் தொழிலில் அமர்ந்தோர் எவரும் அதனைக் கேளாதிருத்தல் அரிது.